பொங்கலுக்குக் கூப்பிடும் முன்: ஜெர்மனியில் படிக்கப் போனவர்களுக்கு

ஆகன் நகரில் அக்டோபரில் படிப்பில் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அக்கா, பொங்கலுக்கு எங்க மாடியில இருக்குற எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடப் போறேன். ஒரு பொண்ணுக்குக் கோதுமை ஆகாதாம். நம்ம சாப்பாடு அரிசியும் பருப்பும்தானே, பிரச்சினை இல்லல்ல?" ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட இதையே சொன்னேன், அதனால்தான் இந்தக் கட்டுரை. காரத்தைக் குறையுங்கள், ஸ்பூன் எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எல்லாம் அரிசி, பருப்புதான்" என்று வாக்குக் கொடுப்பது

அன்றைக்கு நான் செய்தது வெண்பொங்கல், சாம்பார், சர்க்கரைப் பொங்கல், வடை. என்னோடு ஒரே சமையலறையில் சமைத்த தோழிக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். மாத்திரை போட்டுச் சமாளிக்க முடியாது, வாழ்நாள் முழுக்க அதை ஒதுக்குவதுதான் வைத்தியம். அவள் இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் "இல்லவே இல்லை" என்றேன். அன்று இரவு ஆரம்பித்த வயிற்றுவலியும் வாந்தியும் மூன்று நாள் விடவில்லை. அந்த வாரம் எழுத வேண்டிய தேர்வும் போயிற்று.

முதல் காரணம் பெருங்காயம். டப்பாவில் வாங்குகிற தூள் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் அவ்வளவு வீரியம் என்பதால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள், அந்த மாவு பல நேரம் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டிப் பெருங்காயத்திலும் இது உண்டு. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் அச்சாகியே இருந்தது, வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய டப்பா என்பதால் நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது, வடை மாவு நீர்த்துப்போனதால் ஒரு கை ரவை தூவியிருந்தேன். நமக்குக் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ரவை, மைதா, கடையில் வாங்கும் சாதாரண சேமியா எல்லாமே கோதுமைதான். பெருங்காயம் என்றால் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் தேட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உணவுப் பொருளில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14 வகை. தாளிப்பில் கடுகு, பொங்கலில் முந்திரி, நெய் வழியாகப் பால், சட்னியில் வேர்க்கடலை, உருண்டையில் எள், பெருங்காயத்தில் கோதுமை என்று நம் ஒரு இலையிலேயே ஆறு வந்துவிடுகிறது.

ஆகவே இரண்டு நாள் முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் என்னென்ன போட்டீர்கள் என்று தாளில் எழுதி வையுங்கள், பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் மேசையிலேயே வையுங்கள், அவர்களே படித்து முடிவெடுக்கட்டும். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, கிடைக்கவில்லையா, போடாதீர்கள். சப்பாத்தி திரட்டிய மேடை, மரக்கரண்டி எதுவும் அந்தச் சமையலில் படக் கூடாது. தம்பியிடம் இதையெல்லாம் சொன்னதும், "ஒரு சிட்டிகைதானே அக்கா" என்றார். எனக்கு இன்னும் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அவளை மூன்று நாள் படுக்கவைத்ததில் ரவையோடு அந்தச் சிட்டிகைக்கும் பங்கு உண்டு.

அடுப்பில் வெல்லத்தை வழிய விடுவது

விடுதிகளில் நிறைய இடத்தில் செராமிக் கண்ணாடி அடுப்பு. இனிப்பு அதில் வழிந்து ஆறி இறுகினால் கண்ணாடியின் மேல்பரப்பே பெயர்ந்து வரலாம், அப்புறம் அறைக்குக் கட்டிய வைப்புத்தொகையில் கைவைப்பார்கள். பால் மட்டும் பொங்கட்டும், வெல்லம் பிறகு. அணைத்த பிறகும் அடுப்பில் சூடு நிற்கும், அதனால் "பொங்கலோ பொங்கல்" சொன்ன கையோடு பாத்திரத்தையே நகர்த்திவிடுங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நடைபாதைக் கதவை மூடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மாடி முழுக்க அலாரம் அடிக்க விடுகிறார்கள்.

ஊரிலிருந்து நெய்

கொண்டு வராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களைப் பயணப்பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது, பால்கோவாவும் அதில் சேர்த்தி. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கிக் காய்ச்சினால் அருமையான நெய் கிடைக்கும்.

தீபாவளிப் பட்டாசு

வேண்டாம். தனி அனுமதி இல்லாமல் வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும்தான்.

நம்முடையதை மட்டும் பரிமாறுவது

நாம் கூப்பிடும்போது எல்லோரும் வர வேண்டும், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் என்ன இறைச்சி இருக்குமோ என்று ஒதுங்குகிறோம். என் முதல் நவம்பரில், 11ஆம் தேதி மார்ட்டின் திருநாளுக்கு அந்தத் தோழி கூப்பிட்டாள், படிப்பு இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அடுத்த வருஷம் போனேன். குழந்தைகள் கையில் காகித விளக்கோடு பாடிக்கொண்டே தெருவில் போனார்கள், கடைகளில் மனித உருவத்தில் வெக்மன் என்ற இனிப்பு ரொட்டி, அதன் கையில் ஒரு களிமண் புகைக்குழாய். கேட்டிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும், நான் பயந்த எதுவும் அங்கே இல்லை. தோழிக்காக அவள் அம்மா குளூட்டன் இல்லாத மாவில் வீட்டிலேயே தனியாகச் சுட்டு வைத்திருந்தார், எனக்கும் அதில் பாதி கிடைத்தது. அந்த டப்பாவின் மூடியில், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.