பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போகிறீர்களா? காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

ராமநாதபுரத்தில் இரண்டு கடல் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா பொங்கும், பாக் நீரிணை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் நிலைமை தலைகீழ். எங்கே போவதென்று முடிவு செய்யும் முன் மீனவர் யாரிடமாவது “இன்னிக்கு எந்தப் பக்கம் அமைதி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் பாக் நீரிணைப் பக்கமுள்ள அரியமான்தான் என் தேர்வு. கரையோரம் ஆழம் குறைவு, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. ஆழம் குறைவுதானே என்று பிள்ளையின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் கிடையாது. அதன் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமானது. அங்கே பார்ப்பதோடு சரி, குளியல் வேண்டவே வேண்டாம்.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். பிள்ளைக்குப் பொருந்தும் அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அப்புறம், கரை ஒதுங்கிய சொறிமீனை (ஜெல்லி மீன்) பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், செத்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல், கடல் நீரிலேயே கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் பரவினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.