காலாவதியாகும் டொமைன் பெயரைப் போட்டியில் வென்று பதிவு செய்வது எப்படி

விரும்பிய டொமைன் பெயர் காலாவதியான மறுநாளே பொதுப் பதிவுக்கு வந்துவிடும் என்று எண்ணிக் காத்திருப்பவர்கள், பெரும்பாலும் அது வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். டாட் காம், டாட் நெட் போன்ற பெயர்களில், காலாவதி நாளுக்குப் பின் ரெஜிஸ்ட்ரார் (நமக்குப் பெயரைப் பதிவு செய்துதரும் நிறுவனம்) அந்தப் பெயரை 45 நாள் வரை தன்னிடம் வைத்திருக்கலாம். ரெஜிஸ்ட்ரார் அதை நீக்கியதும் 30 நாள் மீட்புக் காலம் தொடங்குகிறது. அப்போதும் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் 5 நாள் ‘பெண்டிங் டிலீட்’ (நீக்கத்துக்குக் காத்திருக்கும்) கட்டத்தில் அவராலும் மீட்க முடியாது. நாட்டுக் குறியீடுகளில் முடியும் பெயர்களுக்கு அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் (அந்த முடிவுள்ள பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் அமைப்பின்) விதிகளே பொருந்தும் என்பதால், அவற்றைத் தனியே படித்தாக வேண்டும்.

பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் கருவியில் பார்க்கலாம். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். காலாவதியான உடனே ரெஜிஸ்ட்ரி தானாகவே ஓராண்டு நீட்டித்துவிடுவதால், பதிவேட்டில் காலாவதித் தேதி அடுத்த ஆண்டுக்குத் தாவியிருக்கும். உரிமையாளர் புதுப்பித்துவிட்டார் என்று நினைத்து விலகிவிடுவோம். தேதியை நம்பாமல் நிலைக் குறிப்பைப் பாருங்கள். ‘ஆட்டோ ரென்யூ பீரியட்’ என்று இருந்தால், பெயர் உண்மையில் புதுப்பிக்கப்பட்டதா என்பது இன்னும் உறுதியில்லை. ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்றால் நீக்கம் தொடங்கிவிட்டது.

நல்ல பெயர்களில் பல நீக்கக் கட்டத்தை எட்டுவதே இல்லை. ரெஜிஸ்ட்ராரே அவற்றைத் தன் ஏலத்திலோ கூட்டாளி நிறுவனத்தின் ஏலத்திலோ விற்றுவிடுகிறார். ஆகவே பெயர் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, அவருடைய காலாவதி ஏலம் எங்கே நடக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அங்கே வென்றாலும் பழைய உரிமையாளர் இடையில் புதுப்பித்துவிட்டால் விற்பனை ரத்தாகிப் பணம் திரும்பும். பெயர் உங்கள் கணக்குக்கு மாறும்வரை அதை வைத்து எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

ஏலத்தில் விலைபோகாத பெயர்களுக்குத்தான் ‘டிராப் கேச்சிங்’ எனப்படும் வேகப் போட்டி. நீக்கக் கட்டம் முடிந்து, டாட் காம் ரெஜிஸ்ட்ரியான வெரிசைன் பெயர்களை விடுவிக்கும் வேளையில், ரெஜிஸ்ட்ரார்களின் கணினிகள் பதிவுக் கட்டளைகளை இடைவிடாமல் அனுப்புகின்றன. ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் ரெஜிஸ்ட்ரியின் கணினியோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இணைப்புகள் கிடைக்கும். அதனாலேயே சில குழுமங்கள் நூற்றுக்கணக்கான ரெஜிஸ்ட்ரார் உரிமங்களை வாங்கி வைத்திருக்கின்றன. மற்றவர்களும் குறிவைக்கும் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து பிடிப்பது நடக்காத காரியம். டிராப்கேட்ச், ஸ்நாப்நேம்ஸ், டைனடாட் போன்ற சேவைகளில் பேக்ஆர்டர் (பெயர் விடுபட்டதும் நமக்காகப் பிடித்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டு வைப்பது) கொடுப்பதே வழி. பெயர் கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்ற சேவைகளாகப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் கொடுத்து வைக்கலாம். ஒரே சேவையில் பலர் கேட்டிருந்தால் பெயர் அவர்களுக்குள் ஏலத்துக்குப் போகும். (யாருமே கேட்காத பெயராக இருந்தால், விடுபட்ட பிறகு வழக்கமான விலைக்கே பதிவு செய்துகொள்ளலாம், பேக்ஆர்டர் வீண்செலவு.)

ஏலத்துக்கு முன்பே பெயரின் கடந்த காலத்தைத் துருவிப் பாருங்கள். பணம் கட்டிய பிறகு செய்யும் ஆராய்ச்சியால் பயனில்லை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கங்களையும், ஸ்பேமோடு தொடர்புடைய பெயர்களைத் தொகுக்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களையும் பாருங்கள். பெயர் யாருடைய வணிகமுத்திரையையாவது ஒத்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது. 1999 முதல் நடைமுறையில் இருக்கும் ஐகானின் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறுத் தீர்வு விதிப்படி, முத்திரை உரிமையாளர் வழக்காடி அதைப் பறித்துக்கொள்ள முடியும். பழைய தளத்துக்கு மற்ற தளங்கள் கொடுத்திருக்கும் இணைப்புகளை வைத்துத் தேடலில் மேலே வரலாம் என்ற கணக்கும் இப்போது ஆபத்தானது. காலாவதியான டொமைன்களை அப்படிப் பயன்படுத்துவதை கூகுள் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உச்ச விலையை ஏலம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் கேட்டால் நேரம் நீளும்படி பல ஏலங்கள் அமைக்கப்பட்டிருப்பதால், இறுதி நொடியில் பாய்ந்து வெல்லும் உத்தி அங்கே எடுபடாது.

வென்றதும் இருபடிச் சரிபார்ப்பையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் இயக்குங்கள். ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலுக்கு 15 நாளுக்குள் பதில் தராவிட்டால், போராடிப் பெற்ற பெயர் முடக்கப்படலாம்.