செட்டிநாட்டு வீட்டுல பழைய டயல் போனை மறுபடி பேச வைக்கிறது எப்படி

செவுத்துல ஆணி அடிக்காதீங்க, முதல்ல அத சொல்லிடறேன். நம்ம பக்கம் முகப்புலயும் வளவுலயும், அதாவது முற்றத்தச் சுத்தி இருக்குற உள்கட்டுலயும், இருக்குற பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேத்து தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்குனது, அதுல ஒரு வயர் கிளிப் ஆணி எறங்குனாலே சுத்தி பேந்து வந்துடும், அத அதே மாதிரி பூசித் தர கொத்தனார் இப்ப லேசுல கிடைக்க மாட்டாங்க. வயர் போனா வேற வயர் இழுத்துக்கலாம், செவுரு அப்படி இல்ல.

போன் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், செவுரும் தடி, முகப்புல இருக்குற வைஃபை ரெண்டாங்கட்டு தாண்டுறதுக்குள்ள செத்துடும், முகப்புல வந்து நிக்கிற ஆள பத்தி அடுப்படியில இருக்குற ஆச்சிக்கு தகவல் சொல்ல ரெண்டு கம்பியில ஓடுற போன் மாதிரி வசதி வேற இல்ல. அதனால இத ஷோகேஸ்ல வைக்காம பேச வைங்க.

போன் வீட்டுப் பரண்லயே கிடக்கும், இல்லன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகள்ல தேடலாம். வாங்குறப்ப கவுத்துப் பாருங்க. பெங்களூர் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) கம்பெனி 1948ல ஆரம்பிச்சது, அங்க செஞ்ச போன்னா பெரும்பாலும் அடியிலயோ உள்ளயோ பேர் இருக்கும். பித்தளையில பளபளன்னு ஜோடிச்ச போன் நெறய இப்ப அலங்காரத்துக்குன்னே செய்யிறது, உள்ள மணியே இருக்காது. பேக்லைட்ங்குற பழைய கெட்டி பிளாஸ்டிக்ல செஞ்ச கருப்பு போன் கையில எடுத்தா கனமா இருக்கும், மெதுவா குலுக்குனா உள்ள மணி லேசா சிணுங்கும்.

தொறக்குறதுக்கு முன்னாடி லைன கழட்டிடுங்க. காப்பர் லைன்ல, அதாவது எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற பழைய செம்புக் கம்பி லைன்ல, சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி, அது பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா மணி அடிக்கிற நேரம் சுமார் 75 வோல்ட் ஏசி வரும், கையில பட்டா நல்லா சுண்டும். தொறந்ததும் ஒவ்வொரு வயரும் எந்த ஸ்க்ரூவுல இருக்குன்னு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

முதல்ல ஹூக் ஸ்விட்ச். ரிசீவர தூக்குனா இலை மாதிரி காண்டாக்ட் சேரணும், வச்சா பிரியணும். காண்டாக்ட் கருத்திருந்தா உப்புத்தாள் போடாதீங்க, விசிட்டிங் கார்டுல கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைச்சு நடுவுல விட்டு இழுத்தா போதும். அடுத்தது மணியோட சீரிஸ்ல இருக்குற கப்பாசிட்டர், கிட்டத்தட்ட 2 மைக்ரோஃபாரட். பழைய பேப்பர் கப்பாசிட்டர் வயசானா லீக் ஆகும், அப்படி ஆச்சுன்னா ரிசீவர் வச்சிருக்கும்போதே எக்ஸ்சேஞ்சுக்கு நீங்க பேசிட்டிருக்குற மாதிரி தெரியும், கூப்புடுறவங்களுக்கு எப்பவும் பிஸி டோன்தான் கேக்கும். நிறைய பேர் லைன் கம்ப்ளைன்ட்டுன்னு நெனச்சு அலையுறது இதுக்குத்தான். 250 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒண்ணு போட்டா சரியாயிடும், பழசை தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு வச்சுக்கங்க.

மணியோட காயில்ல மல்டிமீட்டர ஓம்ல வைங்க, சில நூறு ஓம்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் காட்டுனா உயிரோட இருக்கு, ஓபன் காட்டுனா காயில் போச்சு. காயில் நல்லாருந்தும் சத்தம் டொக்குன்னு வந்தா மணிக் கிண்ணத்த கவனிங்க, அதோட ஓட்டை சரியா நடுவுல இருக்காது, கொஞ்சம் ஒதுங்கி இருக்கும், அது வேணும்னே வச்சது. ஸ்க்ரூவ லேசா தளத்தி கிண்ணத்த சுத்துனா சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி மாறும், கணீர்னு கேக்குற இடத்துல நிறுத்தி இறுக்கிடுங்க. இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

டயல்ல அவசரப்படக் கூடாது. டயல் திரும்பி வரும்போது லைன விட்டு விட்டு துண்டிக்கும், அந்த ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு பல்ஸ், ஒரு செகண்டுக்கு 10 பல்ஸ் வரணும், அதாவது 0 சுத்தி விட்டா திரும்பி வர ஒரு செகண்டு சொச்சம் ஆகணும். செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி அந்த டிக் டிக்க பாத்தா தெரிஞ்சுடும். மெதுவா வந்தா உள்ள பழைய எண்ணெய் பிசினா இறுகியிருக்கும், அத துடைச்சுட்டு அச்சுல வாட்ச் ஆயில் ஊசிமுனை அளவு வைங்க, டயலோட வேகத்த கட்டுப்படுத்துற கவர்னர் சுழலுற கிண்ணத்துக்குள்ள எண்ணெய் போகவே கூடாது, போனா டயல் கட்டுப்பாடில்லாம ஓடும். தேங்காண்ணெய் விடாதீங்க.

பேசுறது மங்கலா கேட்டா மைக்ல இருக்குற கரித்தூள் கட்டி தட்டியிருக்கும், மைக்க கழட்டி உள்ளங்கையில நாலு தட்டு தட்டுங்க, பல சமயம் அதுவே போதும். கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி, "தம்பி, எங்க அப்பச்சி பேசுன போன், உள்ள இருக்குறத மாத்தாம பேச வச்சுக் குடுங்க"ன்னாங்க, அது ரொம்ப நியாயமான பேச்சு, புளூடூத் போர்டு வைக்கிறேன்னு உள்ள இருக்குறதெல்லாம் புடுங்கி எறியிறத பாத்தா எனக்கு மனசே ஆறாது.

மேல்பாகத்துக்கு ஈரத்துணி, அப்புறம் கொஞ்சம் மெட்டல் பாலிஷ், கடைசியா மெழுகு. உப்புத்தாள் தேச்சா பேக்லைட்டோட மேல்தோல் போயி உள்ள இருக்குற மரத்தூள் தெரியும், அப்புறம் எத தடவுனாலும் அந்த மினுமினுப்பு வராது.

இப்ப வயரிங். 0.5 மில்லி ட்விஸ்டட் பேர் கேபிள் (ரெண்டு கம்பி ஒண்ணோட ஒண்ணு முறுக்குனது) போதும், நெட்வொர்க் கேபிளான கேட் 5ல நீல ஜோடிய எடுத்தாலும் சரி. லைன் உள்ள வர்ற ரோசெட் பாக்ஸ்ல இருந்து ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இழுங்க, நடுவுல முறுக்கி டேப் சுத்துற ஜாயின்ட் வேண்டாம். வழி எதுன்னா உத்திரத்தோட மேல் விளிம்பு, தூண் தலையில இருக்குற போதிகைக்குப் பின்னாடி, நிலைக்கதவு ஓரம், அங்கெல்லாம் வயர படுக்க வைக்கலாம், கட்டத் தேவைப்பட்டா பருத்தி நூல்ல கட்டுங்க, தேக்குலயும் ஆணி வேண்டாம். பழைய கரன்ட் வயர் போன மரச்சட்டம் சும்மா கிடந்தா அதுவே நல்ல வழி, ஆனா அதுல சப்ளை இல்லன்னு எலக்ட்ரீஷியன வச்சு உறுதி பண்ணிக்கங்க. 230 வோல்ட் வயரோட ஒரே பைப்ல போகக் கூடாது, அரை அடி தள்ளி ஓடணும், குறுக்க போகணும்னா நேர் குறுக்கா போகணும், இல்லன்னா காதுல ம்ம்ம்னு இரையும். முற்றத்துப் பக்கம் அணில் கடிக்கும், அங்க மட்டும் குழாய்க்குள்ள விடுங்க. வெளியில இருந்து வர்ற காப்பர் லைனுக்கு இடி தாங்குற அரெஸ்டர் எர்த்தோட சேத்து கட்டாயம் வேணும், ஐப்பசி மழையில மறக்கவே மறக்காதீங்க.

காப்பர் லைன் இருந்தா ரெண்டு வயர எப்படி மாட்டுனாலும் பழைய போன் வேலை செய்யும். ஃபைபர் மோடமா இருந்தா போன் போர்ட்ல மாட்டுனதும் டயல் டோன் வரும், கூப்புட்டா மணி அடிக்கும், ஆனா நிறைய மோடத்துக்கு பல்ஸ் புரியாது, டயல் சுத்துனாலும் டோன் நிக்காது. அதுக்கு நடுவுல டயலோட பல்ஸ பட்டன் போன் சத்தமா மாத்துற பல்ஸ்-டு-டோன் கன்வெர்ட்டர் ஒண்ணு வைக்கணும். ஒரே போர்ட்ல ரெண்டு மூணு பழைய போன் மாட்டுனா மணி சோந்து போகும், ஒண்ணுல மட்டும் மணிய விட்டுட்டு மத்ததுல மணி வயர கழட்டி டேப் சுத்தி வைங்க. வீட்டுக்குள்ள மட்டும் பேசணும்னா பழைய 3 லைன் 8 எக்ஸ்டென்ஷன் இன்டர்காம் பாக்ஸ் வாங்குங்க, பல்ஸ் எடுக்குமான்னு கடையிலயே உங்க டயல் போன மாட்டி சுத்திப் பாத்துட்டு காச குடுங்க.