ஆரம்பகால ஸ்டீரியோ தட்டுகள்: பளபளப்பை நம்பி ஏமாறாதீர்கள்

1958-ல் தொடங்கிய டெக்கா எஸ்எக்ஸ்எல், எச்எம்வி ஏஎஸ்டி, ஆர்சிஏ எல்எஸ்சி என்ற ஸ்டீரியோ இசைத்தட்டு வரிசைகளைத் தேடிப் புறப்படும் புதியவர்கள் எல்லோரும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். கீறல், கிழிந்த உறை இவற்றைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே இருப்பவை வேறு தவறுகள்.

கண்ணால் பார்த்து வாங்குவது

கீறலே இல்லாமல் கண்ணாடிபோல் மின்னும் தட்டை நல்ல விலை கொடுத்து வாங்கி வருவார்கள். முதல் பத்து நிமிடம் அருமையாகப் பாடும். பக்கம் முடியப்போகும் நேரத்தில் ட்ரம்பெட்டும் வயலினும் கரகரக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவுவார்கள், மறுபடி கழுவுவார்கள். அது போகாது. ஊசி ஓடும் பள்ளமே தேய்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பல வீடுகளில் மோனோ, அதாவது ஒரே ஒலித்தடம் மட்டும் பாடும் பிளேயர்தான். மோனோ ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடினால் போதும். ஸ்டீரியோ பள்ளத்தின் இரு சுவர்களிலும் தனித்தனி ஒலி இருப்பதால் ஊசி மேலும் கீழும் ஆட வேண்டும். ஐந்தாறு கிராம் எடையோடு, மேல்கீழாக இளகாத ஊசி அதில் ஓடினால் சுவரை அரைத்துவிடும். முதலில் சிதைவது உச்ச ஸ்தாயி.

அதுவும் உட்பக்கத்தில்தான் அதிகம். தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிள் அருகே 21 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. ஒலியலைகள் அங்கே நெருங்கிவிடுகின்றன. சிம்பொனியின் முழக்கமான முடிவு வந்து விழுவதும் அங்கேதான்.

ட்யூப்லைட்டில் எந்தத் தட்டும் புதிதுபோலத் தெரியும். ஒற்றை பல்பின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். உட்பக்கத்தில் சாம்பல் பூத்த பட்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. ஆனால் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான்: ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். எல்லாத் தட்டும் அதே இடத்தில் கரகரத்தால் குற்றம் உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பொருத்தத்தில்.

உறையை வைத்து எந்தக் காலத்து அச்சு என்று தீர்மானிப்பது

உள்ளே வேறு தட்டு இருக்கலாம். லேபிளைப் பாருங்கள். டெக்காவில் மேலே இடதுபுறம் ‘ஒரிஜினல் ரெக்கார்டிங் பை’ என்றிருந்தால் முந்தைய லேபிள். ‘மேட் இன் இங்கிலாண்ட் பை’ அடுத்தது.

ஸ்டாம்பர் எழுத்தில் மயங்குவது

ஸ்டாம்பர் என்பது தட்டை அழுத்தி அச்சடிக்கும் உலோக அச்சு. அதன் எண்ணைக் குறிக்கும் எழுத்து, டெக்காவில் லேபிளை ஒட்டிய வெற்றுப்பகுதியில், மூன்று மணி முள் நிற்கும் இடத்தில் இருக்கும். ‘பக்கிங்ஹாம்’ (BUCKINGHAM) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகள்தான் 1 முதல் 9, பிறகு 0. பி என்றால் 1, பிகே என்றால் 14. சின்ன எண்ணுக்குத்தான் மயங்குவார்கள். ஆனால் தேய்ந்த பி-யைவிடத் தேயாத பிகே ஆயிரம் மடங்கு மேல்.

லண்டன் லேபிளை ஒதுக்குவது

‘லண்டன்’ என்ற பெயரில் வந்தது, அமெரிக்காவுக்காக இங்கிலாந்தில் அதே டெக்கா ஆலையில் அச்சான தட்டு. விலை மட்டும் குறைவு.

‘எலக்ட்ரானிக் ஸ்டீரியோ’

உறையில் இப்படிப் போட்டிருந்தால், மோனோ பதிவைப் பிளந்து ஸ்டீரியோபோலச் செய்தது. வாங்காதீர்கள்.