விருப்பப்படி வரையச் சொல்லிவிட்டு நாம் செய்யும் தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஓவிய ஆசிரியர்கள் இரண்டு பேரின் ஒன்பதாம் வகுப்பில் போன மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகள். பிரஷ் எண்ணி வைக்காமல் வகுப்புக்குப் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரே வாரத்தில் தானாகப் பிடிபடும்.

"பிடிச்சதை வரைங்க" என்று மட்டும் சொல்வது

இரண்டு மலை, நடுவே சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் நீட்டுவார்கள். தப்பாகாது என்று அவர்களுக்குத் தெரிந்த படம் இது ஒன்றுதான். பொருளை நீங்கள் கொடுத்தால் வண்ணத்தை அவர்கள் எடுக்கட்டும். வண்ணத்தை நீங்கள் கொடுத்தால் பொருளை அவர்களிடம் விடுங்கள். "காலையில் ஆறு மணிக்கு உங்க தெருவில் பார்த்த ஏதாவது ஒன்று" என்று சொல்லிப் பாருங்கள். மலையைக் காணோம்!

தொட்டே பார்க்காத வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது

வாட்டர் கலரில் வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். போஸ்டர் கலரில் காய்ந்த பிறகு மேலே வெள்ளை வைத்துக்கொள்ளலாம். துண்டுத் தாளில் இரண்டையும் தடவிப் பார்த்த பிறகுதான் எது வேண்டும் என்று பிள்ளையால் சொல்ல முடியும்.

பிள்ளையின் தாளில் நம் கை

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அப்படித் தெருக் காட்சி கேட்டபோது, ஒரு மாணவி அடிபம்பில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களை வரைந்தாள். குடத்தின் உடம்பு பக்கவாட்டில், வாய் மட்டும் மேலிருந்து பார்த்ததுபோல் முழு வட்டம். தண்ணீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நீல மட்டம் வேறு வேறாக இருந்தது. எனக்கோ கண்காட்சி அவசரம். 4B பென்சிலை எடுத்து எல்லா வாயையும் நீள்வட்டமாக்கிக் கொடுத்தேன். நீல மட்டம் போயே போச்சு.

கண்காட்சியில் அவள் அம்மா படத்தைத் தொட்டுப் பார்த்து, "நீயா வரைஞ்சே?" என்றார். "சார் போட்டது" என்றாள். அடுத்த வாரம் அவள் தாளில் இரண்டு மலை, ஒரு சூரியன். அந்த வருடம் முழுக்க அதேதான்.

வியன்னாவில் ஓவியர் ஃபிரான்ஸ் சிசெக் 1897-லேயே சிறாருக்கென்று கலை வகுப்பு தொடங்கி, பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரைய வைக்காமல் பிள்ளைகளைத் தங்கள் போக்கில் விட்டார். நாம் அதை வாயால் ஒத்துக்கொள்கிறோம், போட்டித் தேதி வந்ததும் கையால் மறந்துவிடுகிறோம். 2022-23 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று போட்டிகள் நடக்கின்றன. மேடை கிடைப்பது நல்லதுதான். அதற்காகப் பிள்ளையின் கோட்டின்மேல் நம் கோடு விழக் கூடாது.

அப்போ திருத்தவே வேண்டாமா? வேண்டும். உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள். இப்போது நான் குடத்தையே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். மேசைமேல் வைத்து, முதலில் நின்று பார்க்கச் சொல்வேன். வாய் அகலமாகத் தெரியும். மெதுவாகக் குனியக் குனிய அது ஒடுங்கி, கண் மட்டத்துக்கு வரும்போது ஒரே கோடாகிவிடும். பார்த்த பிறகும் ஒரு பிள்ளை வட்டமே போட்டால், ஏன் என்று கேளுங்கள். அன்றைக்கு அவளிடம் நான் கேட்டிருந்தால் நீல மட்டத்தைக் காட்டியிருப்பாள்.

சுத்தம் செய்ய நேரம் விடாதது

45 நிமிடத்தில் கடைசி 10 நிமிடம் அதற்கே.

எல்லாருக்கும் ஒரே அளவுகோல்

ஒருவன் கரியில், ஒருத்தி ஆயில் பேஸ்டலில் வரைந்தால், அழகை வைத்து மதிப்பெண் போட முடியாது. முதலில் கிறுக்கிய தாள்களையும் சேர்த்து வாங்கி, கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் எதை மாற்றினாய், ஏன் என்று கேட்டு, அதற்குப் போடுங்கள். கிறுக்கிய தாளைக் கசக்கிப் போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.