வீட்டிலயே படிக்கிற பிள்ளையளோட ஊருக்குப் போறவைக்கு

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன், வேர்க்புக்குகளை வீட்டிலயே விட்டிட்டுப் போங்கோ. நாங்கள் லண்டன்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலயே படிப்பிக்கிற ரெண்டு பிள்ளையளோட முதல் தரம் யாழ்ப்பாணம் போகேக்க ஒரு சூட்கேஸில பாதி கணக்கும் இங்கிலிசும்தான், ரெண்டு மாசம் கழிச்சு அப்பிடியே திறக்காமல் திருப்பிக் கொண்டு வந்தன், அந்தப் பாரத்துக்கு மிளகாய்த்தூள் கொண்டு வந்திருக்கலாம். இப்ப ஆளுக்கு ஒரு கொப்பி, ஒரு பென்சில் பெட்டி, ஒரு அளவு நாடா, அவ்வளவுதான்.

எப்ப போறது எண்டதுதான் பெரிய விசயம். ஸ்கூல் லீவை நம்பி இருக்கத் தேவையில்லை, டிக்கெட் மலிவான நேரம் பார்த்துப் போகலாம் எண்டுதான் எங்களை மாதிரி ஆக்கள் எல்லாரும் நினைக்கிறது, நானும் அப்பிடித்தான் பெப்ரவரியில போனன், மழை விட்டு வெக்கை தொடங்காத நல்ல காலம், ஆனா மச்சான் மச்சாள்மார் ஒருத்தரும் வீட்டில இல்லை. விடிய ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஒண்டரைக்கு விட்டு வந்து சாப்பிட்டிட்டு டியூசன், பேந்து இருட்டத்தான் வருவினம். என்ர ரெண்டும் கேற்றடியில நிண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிண்டதுகள். அதால இப்ப நான் செய்யிறது என்னெண்டா மார்ச் நடுவில போய் ஏப்ரல் கடைசி மட்டும் நிக்கிறது, முதல் மூண்டு கிழமை ஊர் அமைதி, பிறகு சித்திரை வருசப்பிறப்பு லீவு வர வீடு நிறையப் பிள்ளையள். வெக்கை இருக்கும்தான். ஓகஸ்ட் மட்டில வாற நல்லூர்த் திருவிழா 25 நாளும் நிக்க ஆசையெண்டா போங்கோ, ஆனா அப்ப உலகத்தில இருக்கிற அரைவாசிச் சனம் அங்கதான் நிக்கும், டிக்கெட் விலையும் அதுக்கேத்த மாதிரித்தான். தவணைத் திகதி வருசத்துக்கு வருசம் மாறும், அங்க படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில ஒருக்காக் கேட்டிட்டு டிக்கெட் போடுங்கோ.

விசா, டூரிஸ்ட் ஈடிஏ (ஒன்லைனில எடுக்கிற இலங்கைப் பயண அனுமதி) எடுத்தா 30 நாள்தான். அதுக்கு மேல நிக்கிறதெண்டா முடிய முதலே நீடிக்க வேணும், உங்களுக்கு ரெட்டைக் குடியுரிமை இருக்கெண்டதுக்காக பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில வாற பிள்ளைக்கு விசா தேவையில்லை எண்டு நினைச்சிடாதேங்கோ. தாயோ தகப்பனோ தனியக் கூட்டிக்கொண்டு போறதெண்டா மற்றவர் கையெழுத்து வைச்ச ஒரு கடிதம் கையில இருக்கட்டும்.

இனி மெயின் விசயத்துக்கு வாறன், அந்தக் கேள்வி. படியேறி உள்ள போய் இருக்க முதலே வரும், "பிள்ளை எத்தினையாம் ஆண்டு?" பிள்ளை "நான் ஸ்கூலுக்குப் போறேல்லை" எண்டு நேர்மையா சொல்லும், உடன வீடு அமைதியாகும், குஞ்சியம்மா என்ர முகத்தைப் பார்ப்பா, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ, இல்லாட்டி இதுகளுக்கு அங்க ஏதும் காசுப் பிரச்சினையோ எண்டு. அவையில பிழை இல்லை. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப், ஓஎல், ஏஎல் சோதினை எண்டு படிப்பாலதான் ஒரு குடும்பமே தலையெடுத்த ஊர் அது, சண்டை நேரத்தில குப்பி விளக்கில படிச்ச ஆக்களிட்டப் போய் நாங்கள் பள்ளிக்கூடம் வேண்டாமெண்டு விட்டம் எண்டா எப்பிடி இருக்கும். அங்க போய் கல்வித் தத்துவம் கதைக்காதேங்கோ, நான் கதைச்சுப் பார்த்தனான், ஒரு மணித்தியாலம் வீண். இங்கிலாந்தில 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலயே பள்ளிக்கூடத்திலயோ வேற விதமாயோ படிப்பிக்கலாமெண்டு இருக்கெண்டும் சொல்லிப் பார்த்தன், அதையும் ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை, ஏனெண்டா ஜெர்மனியில இருந்து வந்த மச்சாள் அங்க இப்பிடி வைச்சிருக்க விடாங்கள் எண்டு சொல்லிப்போட்டா, அங்க அது உண்மைதான். வேலை செய்த வசனம் ஒண்டே ஒண்டு: "வீட்டில படிக்கிறா மாமி, ஆனா சோதினை எல்லாரையும் போலத்தான் எடுப்பா." இங்கிலாந்தில ஓஎல் மாதிரி இருக்கிற ஜிசிஎஸ்ஈ சோதினையைத் தனிப் பரீட்சார்த்தியா எடுக்கலாம்தானே, அதைத்தான் சொல்லுறன். சோதினை எண்ட சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் மூச்சு வந்திடும். இதைப் பிள்ளைக்கும் பிளேனுக்கயே சொல்லிக் குடுத்திடுங்கோ.

ஒவ்வொரு குடும்பத்திலயும் பென்சன் எடுத்த வாத்தியார் ஒருத்தர் இருப்பார், வந்து பிள்ளையை நிப்பாட்டி வைச்சு ஏழாம் வாய்பாடு கேப்பார். கோவப்படாதேங்கோ, அவருக்கு ஒரு வேலை குடுங்கோ. "மாமா, பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத்தான் வராது, பின்னேரம் அரை மணித்தியாலம் சொல்லித் தாறீங்களோ" எண்டு கேட்டன், அடுத்த நாள் நாலு மணிக்கு சலவைச் சேட்டோட வந்து நிக்கிறார். ஆறு கிழமையில என்ர பெட்டை ழகரம் எழுதினா, நான் ரெண்டு வருசமா லண்டன்ல சத்தம் போட்டும் வராதது.

நாளாந்த ஒழுங்கு எண்டு பெருசா ஒண்டுமில்லை. முதல் கிழமை பிள்ளையள் இரவு ரெண்டு மணி மட்டும் முழிச்சிருந்து பகல் பதினொண்டுக்கு எழும்புங்கள், பாவம் பார்க்காமல் ஆறரைக்குத் தட்டி எழுப்பி வெளியில விடுங்கோ. ஓட்டம் ஆட்டம் எல்லாம் பத்து மணிக்கு முதல். பதினொண்டில இருந்து மூண்டு மட்டும் வெயிலுக்கு ஒண்டும் ஏலாது, அதுதான் எங்கட வாசிக்கிற நேரம், சீமேந்துத் தரையில பாய் போட்டுப் படுத்துக்கொண்டு.

கணக்குக் கிணத்தடியிலதான். கயித்தில கல்லைக் கட்டி இறக்கி தண்ணி எவ்வளவு ஆழத்தில கிடக்கெண்டு மகள் ஞாயிறுக்கு ஞாயிறு அளந்து கொப்பியில எழுதினவ. அம்மம்மா ஈரம் படாத கயித்தைப் பிடிச்சு முழங்கையால அளந்து "ஒன்பது முழம்" எண்டுவா, இவ நாடாவை எடுத்து அளந்து அதே கயித்துக்கு நாலு மீற்றர் எண்டுவா, பேந்து அம்மம்மாவின்ர முழத்தையே அளந்தாள், 44 சென்றிமீற்றர், தன்ர முழம் 36. அப்ப யாற்ற முழம் சரி எண்டு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஏப்ரல் கடைசியில பத்தரை முழம் எண்டு இறங்கிட்டுது, ஏன் இறங்குது எண்ட கேள்வியில இருந்து சுண்ணாம்புக்கல், மழை, குடாநாட்டில ஏன் பெரிய ஆறு இல்லை எண்டு எல்லாம் தானா வந்திது. அதுக்குப் பிறகு புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத்தண்ணி எண்டது அவைக்குக் கதையாத் தெரியாது. முதலே நிலாவரைக்குப் போயிருந்தா ஐஞ்சு நிமிசத்தில ஐஸ்கிறீம் கேட்டிருப்பினம்.

வான் பிடிச்சு ஒரு நாளில பத்து இடம் காட்டாதேங்கோ. பஸ்ஸில போங்கோ, போர்ட் வாசிக்கிறதுதான் நல்ல தமிழ்ப் பாடம், மகன் வாசிச்ச முதல் சொல்லே பருத்தித்துறைதான், நாலு எழுத்துக்கு ஒருக்கா மூச்சு விட்டு. கொழும்பில இருந்து யாழ்தேவி ரயிலில வந்தா ஆனையிறவில ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி, அந்த இடத்தில பிள்ளையளை நித்திரை கொள்ள விடாதேங்கோ. நெடுந்தீவு எண்டா விடிய வெளிக்கிட்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் ஒரு மணித்தியாலம் மாதிரி படகு, திரும்புற படகு எத்தினை மணிக்கெண்டு இறங்கேக்கயே கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பவளக்கல் மதில், மட்டக்குதிரை, பெருக்கு மரம், ஒரு நாள் காணாது. தண்ணியும் தொப்பியும் மறக்கக் கூடாது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கட்டாயம் போவீங்கள். 1981இல எரிச்சதெண்டு தெரிஞ்சதும் ஆர் எரிச்சது, ஏன் எரிச்சது எண்டு கேப்பினம், வாசலில நிண்டு யோசிக்காமல் என்ன சொல்லுறதெண்டு முதலே முடிவெடுத்திட்டுப் போங்கோ. இன்னொண்டு, சண்டைக் காலத்தைப் பற்றி அம்மம்மாவைப் பேட்டி எடுத்து ப்ராஜெக்ட் செய்யிற ஐடியா எனக்கும் வந்தது. மகள் போனை நீட்டி முதல் கேள்வி கேட்டா, அம்மம்மா ஒண்டும் சொல்லேல்லை, எழும்பிப் போய் அடுப்பில ஒண்டுமில்லாத சட்டியைக் கிளறிக்கொண்டு நிண்டா. அதோட விட்டிட்டம். தானாக் கதைக்கேக்க கேட்டாக் காணும்.

பயப்பட வேண்டிய விசயம் ரெண்டு. ஒண்டு டெங்கு, அந்த நுளம்பு பகலில கடிக்கும், அதால பகலிலயும் கிறீம் பூசுங்கோ, காய்ச்சல் வந்தா நாள் கடத்தாமல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. மற்றது கண்ணிவெடி, வன்னிப் பக்கம், முகமாலைப் பக்கம் போனா மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட காணிக்குள்ள கால் வைக்கக் கூடாது. பந்து போனாப் போகட்டும்.

லண்டனுக்குத் திரும்பி வந்தாப் பிறகு எங்கட கவுன்சிலில (உள்ளூராட்சி சபை) இருந்து இவ்வளவு நாளும் என்ன படிச்சவை எண்டு கடிதம் வந்தது, கிணத்துக் கொப்பியில ரெண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினன், மறுபேச்சு வரேல்லை. அம்மம்மா இப்பவும் ஞாயிறுக்கு ஞாயிறு வாட்ஸப்பில வொய்ஸ் அனுப்புறா, முழக்கணக்கில. போன கிழமை மழையாம், அளக்கேல்லையாம், மகள் கொப்பியில அதையும் எழுதி வைச்சிருக்கிறா.