கோலி மீனவர்களோடு கூட்டாகக் கழிமுகத்தைப் பேணுவது எப்படி? வட ஆறுகள் காட்டும் வழி

மும்பையின் மித்தி ஆறு விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீராகப் புறப்பட்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வலை வீசி வருபவர்கள் மும்பையின் ஆதிக்குடிகளான கோலி மீனவர்கள். அதே கரையை ஒட்டித் தாராவியில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் நலச் சங்கங்களும் கல்லூரி இளைஞர்களும் ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பும்போது பெரும்பாலும் குப்பை அள்ளுவதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நீரை நம்பிப் பிழைப்பவர்களோடு உட்கார்ந்து, மீன்வளத்தைச் சேர்ந்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படியோர் ஏற்பாட்டைத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உலகில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் வட அமெரிக்காவின் சால்மன் ஆறுகளில் இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில், அரசோடு செய்த பழைய ஒப்பந்தங்கள் தந்த உரிமைப்படி மீன்பிடித்ததற்காகவே பழங்குடியினர் பல்லாண்டுகள் கைது செய்யப்பட்டார்கள். நிஸ்க்வாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் 14 வயதில் தொடங்கி 50 தடவைக்கு மேல் கைதானவர். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் வழங்கிய தீர்ப்பு, பிடிக்கத் தக்க மீனில் பாதி வரை பழங்குடியினருக்கு உரியது என்று சொன்னதோடு நிற்கவில்லை. மாநில அரசோடு சேர்ந்து மீன்வளத்தை நிர்வகிக்கும் பொறுப்பையும் அவர்களுக்கு உறுதி செய்தது. அலாஸ்காவின் கஸ்கோக்விம் ஆற்றில் 2015-இல் 33 பழங்குடிக் கிராமங்களின் மீன்வள ஆணையம் உருவானது. மறு ஆண்டே அமெரிக்க மத்திய அரசின் மீன், வனவுயிர்த் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்த நாளில் வலை இறக்கலாம், எத்தனை மணி நேரம், எந்த அளவு வலைக்கண்ணில் என்பதை ஆணையத்தின் பிரதிநிதிகளைக் கலந்தே அதிகாரி முடிவு செய்கிறார். இறுதிக் கையெழுத்து இன்னும் அரசிடம்தான் இருக்கிறது என்றாலும், கலந்து பேசாமல் அந்தக் கையெழுத்து விழக் கூடாது என்பதே அங்கே கிடைத்த பெரிய வெற்றி.

ஆகவே நாம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது உரிமை யாருடையது என்பதைத்தான். கழிமுகம் கோலிகளின் தொழிற்களம், நாம் அக்கம்பக்கத்தார். இந்த வரிசை மாறினால் எல்லாம் கெடும். திட்டத்தை எழுதி முடித்துவிட்டு ஒப்புதல் கேட்கப் போகாதீர்கள். வெறும் கையோடு போய், அங்குள்ள கோலிவாடாவின், அதாவது கோலிக் குடியிருப்பின், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்து, அவர்களுக்கு எது தொல்லை என்று கேளுங்கள். மராத்தி பேசத் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது அவசியம். இந்தியில் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், ஓதத்தையும் சேற்றையும் பற்றி அவர்கள் சரளமாகப் பேசுவது தங்கள் மொழியில்தான். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மும்பையின் கோலிவாடாக்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அந்த வரைபடத்தில் தங்கள் படகுத் துறையும் வலை உலர்த்தும் இடமும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க உதவுவதே பல இடங்களில் நாம் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம்.

பெண்களை விட்டுவிட்டு எந்தக் குழுவையும் அமைக்கக் கூடாது. மீன் கரைக்கு வந்த பிறகு அதன் கணக்கு முழுவதும் கோலிப் பெண்களின் கையில் இருக்கிறது. எந்த மீன் சிறுத்துப்போனது, எது கூடைக்கு வருவதே இல்லை என்பதை எந்த ஆய்வாளரையும்விட முந்தி அறிபவர்கள் அவர்கள். கூட்டம் சந்தை நேரத்தில் வைக்கப்பட்டால் அவர்கள் வர முடியாது. நேரத்தை அவர்களே சொல்லட்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. என் பார்வையில் கூட்டு நிர்வாகத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அரசு ஓர் எண்ணையும் மீனவர்கள் வேறோர் எண்ணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். கஸ்கோக்விமில் உள்ளூர்ப் பழங்குடியினரையே ஊதியத்துக்கு அமர்த்தி, படகுத் துறைகளிலும் மீன் உலர்த்தும் முகாம்களிலும் குடும்பம் குடும்பமாகக் கேட்டுப் பிடிப்பைப் பதிவு செய்கிறார்கள். அந்த எண்ணை இரு தரப்பும் ஏற்கின்றன. இங்கே ஒரு நீள நோட்டே போதும். ஒரு பக்கத்தில் திதி, ஓதம் ஏறிய நேரம், வலை கட்டிய இடம், வலைக்கண்ணின் அளவு, மடவை எத்தனை கிலோ, நண்டு எத்தனை, இறால் எவ்வளவு, விற்காமல் தூக்கி எறிந்தது எவ்வளவு, ஏன் எறிந்தார்கள் என்று கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தை யாரும் தவிர்க்கக் கூடாது. செவுளில் கரி எண்ணெய் வாடை அடிக்கும் மடவையை வாங்க ஆள் இல்லை என்றால் அது அந்தக் குடும்பத்தின் அன்றைய கூலி. அந்தக் குறிப்பு ஓர் ஆண்டு சேர்ந்தால், எந்தத் திதியில், எந்த வாய்க்கால் அருகே கழிவு வருகிறது என்பதற்கு அது சான்றாகும். எழுதுபவர் கோலி இளைஞராக இருக்கட்டும், அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். சேவை என்ற பெயரில் அடுத்தவர் உழைப்பை இனாமாக வாங்குவது தவறு.

அந்தச் சான்று நம் பக்கமும் திரும்பும். தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பட்டறைக் கழிவில் ஒரு பங்கு இதே நீருக்குத்தான் போகிறது. கோலிகள் இதைச் சொல்லும்போது தற்காத்துப் பேசாமல், எந்தப் பட்டறைகளோடு நாம் பேச முடியும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள். கூட்டு நிர்வாகத்தில் தமிழர்கள் போடக்கூடிய உண்மையான முதலீடு இதுதான்.

பிறகு விதிகள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏற்கெனவே உண்டு. கழிமுகத்துக்குள் கூடுதலாக என்ன தேவை என்பதை மீனவர்களே முன்மொழிய வேண்டும்: குஞ்சு பொரிக்கும் இடங்களை ஒதுக்குவதா, முட்டை சுமந்த நண்டை விடுவிப்பதா, வலைக்கண்ணைப் பெரிதாக்குவதா? இதற்கு நேர்மாறாகக் கஸ்கோக்விமில், முட்டை நிறைந்த பெரிய சினூக் சால்மன் தப்பிக்கட்டும் என்று 6 அங்குலத்துக்கு மேற்பட்ட வலைக்கண்ணைத் தவிர்க்கிறார்கள். எந்த மீனைக் காக்க வேண்டுமோ அதைப் பொறுத்தே விதி அமையும், வெளியூர் விதியைப் பெயர்த்து நடக் கூடாது. இடப் பங்கீட்டுக்கு நம்மிடமே மாதிரி உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையில், எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதை மீனவர்களே சுழற்சி முறையில் வகுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னால் கோலிப் பெரியவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள், தங்கள் வழக்கத்தையும் சொல்வார்கள்.

அரசுத் துறைகளை எப்போது அழைப்பது என்பதில் கவனம் வேண்டும். வர்ளி கோலிவாடா மீனவர்கள் கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி படகுகளுக்குப் போதாது என்று நெடுங்காலம் போராடிய பிறகே, அது 120 மீட்டராக மாற்றப்பட்டது. வரைபட நிலையிலேயே அவர்களைக் கேட்டிருந்தால் அத்தனை அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. மித்தியில் மழைக்கு முன் ஆண்டுதோறும் தூர் வாருகிறார்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதை ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே மாநகராட்சிப் பொறியாளரும் கோலிச் சங்கமும் ஒரே மேசையில் பேச வேண்டும். மீன்வளத் துறையின் உள்ளூர் அதிகாரியும் அங்கே இருக்கட்டும்.

மீன் அடியோடு குறைந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் பங்கிட எதுவும் இருக்காது. யூகான் ஆற்றில் 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சினூக் சால்மன் பிடிப்பை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன. கரையோரப் பழங்குடிக் குடும்பங்களின் உலர்த்தும் பந்தல்கள் காலியாகின. நார்வேக்கும் பின்லாந்துக்கும் நடுவே ஓடும் தானா ஆற்றில் அங்குள்ள பழங்குடியினரான சாமி இன மக்களுக்கும் 2021-இல் சால்மன் பிடிப்பு நின்றுபோனது.

முடிவுகளை மராத்தியில் எழுதி, தமிழில் ஒரு படி எடுத்து, இரண்டையும் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். மீறுபவருக்கு என்ன தண்டம், தகராறு வந்தால் யார் தீர்ப்பது, எந்த மாதத்தில் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பிடிப்பு நோட்டின் மூலப்படி கோலிவாடாச் சங்கத்திலேயே இருக்கட்டும். ஆய்வுக்கோ செய்திக்கோ அதைப் பயன்படுத்த விரும்புகிறவர் யாராக இருந்தாலும், நம் சங்கமே ஆனாலும், அவர்களிடம் எழுதிக் கேட்டுத்தான் பெற வேண்டும்.